ஏழாம் நம்பர் இருதயம்

வெள்ளைத்துரை கொடுத்த மோரை ஹாலாஸ்யம் ஒரே மூச்சில் குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தார். குடித்தது மோர் என்பது அதன் நிறத்தைப் பார்த்ததால்தான் அவருக்குத் தெரிந்தது.

மனைவி ஜகதாம்பாள் போய் எழுபத்திரண்டு நாள் ஆகிறது. அன்றிலிருந்து அவர் நாக்கு வேலைநிறுத்தத்தில் இருக்கிறது. காபி, ரசம், கஷாயம் எல்லாமே தொண்டையை நனைக்கிற ஏதோ ஒன்று, அவ்வளவுதான். அழுகையாவது வந்ததா என்றால் அதுவும் இல்லை. மதுரை தல்லாகுளத்தில், கோர்ட்டுக்கு எதிர் மாடியில், துப்பறியும் அலுவலகம் என்ற பலகைக்குக் கீழே உட்கார்ந்துகொண்டு மின்விசிறியின் இறக்கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். எண்ணி முடிக்கவும் முடியாமல், எண்ணாமல் இருக்கவும் முடியாமல்.

அவரைச் சட்டையைப் பிடித்து இழுக்காத குறையாக இந்தக் கிராமத்துக்குக் கூட்டிவந்தவன் உதவியாளன் பேயாண்டி. இந்தப் பேரையூர்ப் பக்கத்துக்காரன், கேஸும் அவன் மூலமாகத்தான் வந்தது. முப்பது வயதாகியும் வாய்க்குத் தாழ்ப்பாள் போடக் கற்றுக்கொள்ளாதவன்.

"நாளைக்குள்ள முடிக்க வேண்டிய கேஸு சார். இப்படியே உக்காந்திருந்தீகன்னா அந்த ஃபேனுக்கு நாலாவது எறக்கை மொளச்சுரும்," என்று சொல்லித்தான் பஸ் ஏற்றியிருந்தான்.

கேஸ் இதுதான். மழை எப்போதாவது எட்டிப் பார்க்கிற இந்த ஊரில் அண்ணன் தம்பி இருவர். அண்ணன் கருத்தக்கண்ணன், தம்பி வெள்ளைத்துரை. இருவருக்கும் பொதுவில் ஒரே கிணறு. அண்ணனுக்குப் பிள்ளை கிடையாது. அவர்களுடைய அப்பா ஐம்பதைத் தொடுமுன்பே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வரப்பில் சாய்ந்தவர். அதனால் உள்ளூர் டாக்டர் இருவரையும் தல்லாகுளத்தில் புதிதாகத் திறந்திருந்த இருதயப் பரிசோதனை நிலையத்துக்கு அனுப்பினார். ஆனி மாதக் கடைசியில் இருவரும் ஒன்றாகப் போய்ப் பார்த்துக்கொண்டார்கள். அண்ணனுக்கு இருதயம் பிரமாதம் என்று ரிப்போர்ட் வந்தது. தம்பிக்கு மிக மோசம் என்று வந்தது.

ஆடி அமாவாசையன்று மோசமான இருதயம் வீட்டுக் கட்டிலில் படுத்திருந்தது. பிரமாதமான இருதயம் அழகர்மலையில் நூபுர கங்கைக்கு ஏறிவிட்டு இறங்கும்போது பாதி வழியில் நின்றுபோனது.

அன்று காலையில் கருத்தக்கண்ணன் சாப்பிட்டது, கூடப் போன மனைவி சின்னத்தாய் கட்டிக்கொடுத்த புளிச்சோறு. உடலை மறுநாளே எரித்துவிட்டார்கள். பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் வெள்ளைத்துரை போலீசில் மனுக் கொடுத்தான். நெஞ்சில் கோளாறு இல்லை என்று மெஷினே சொல்லிவிட்டது, அப்படியானால் கோளாறு சோற்றில்தான் இருக்க வேண்டும் என்று. இன்ஸ்பெக்டர் ஊர் என்ன சொல்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார். ஊர் நாளைக்குக் காலையில் சாவடியில் கூடுகிறது. அண்ணிதான் செய்தாள் என்று ஊர் முடிவெடுத்தால் சின்னத்தாய்க்கு வீடும் இல்லை, கிணறும் இல்லை, வெளியே நடமாட்டமும் இல்லை.

"எங்க அண்ணன் உடம்பு தேக்குக் கட்டைங்க," என்று வெள்ளைத்துரை பெருமூச்சு விட்டான். "சீக்காளி நான் கெடக்கேன். அது போயிருச்சு." பக்கத்தில் இருந்த அதே சொம்பிலிருந்து தனக்கும் இரண்டாவது டம்ளர் ஊற்றி, மோர் மிளகாயைக் கடித்துக்கொண்டு குடித்தான்.

"உங்க அண்ணிக்கும் அண்ணனுக்கும் சண்டை உண்டா?" என்று ஹாலாஸ்யம் கேட்டார்.

"வெளிய தெரியாதுங்க."

"அப்ப உங்களுக்கும் தெரியாதுல்ல?" என்றான் பேயாண்டி.

வெள்ளைத்துரை அவனைப் பார்த்த பார்வையில், ஏற்கெனவே இரண்டு டம்ளர் மோர் குடித்திருந்த பேயாண்டிக்கு மூன்றாவது கிடைக்காது என்பது உறுதியானது.

இரண்டு தெரு தள்ளிச் சின்னத்தாய் வீடு. அவர்கள் போனபோது வாசலில் ஒரு கிழவர் வெயிலுக்கு ஒதுங்கி நின்றார். சின்னத்தாய் செம்பில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள். கிழவர் அதைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், பிறகு வெயிலே பரவாயில்லை என்று இறங்கி நடந்தார். அவள் செம்பைத் திரும்ப உள்ளே கொண்டுபோனாள். பழகிப்போன வேலை போல இருந்தது.

"பதினெட்டு நாளாச்சுங்கய்யா, எங்கையில ஒரு ஆளு தண்ணி வாங்கி," என்றாள். "பச்சப் புள்ள கூட வாங்கலை. நான் அழுகலைனு வேற சொல்றாக. வரமாட்டேங்குது, என்ன செய்ய?"

ஹாலாஸ்யத்துக்கு அந்த ஒரு வாக்கியம் மட்டும் தெளிவாகக் கேட்டது. தனக்கும் அப்படித்தான் என்று சொல்ல வாயெடுத்தார். சொல்லவில்லை.

"எதுக்காக மலைக்குப் போனார்?"

"வேண்டுதல்."

என்ன வேண்டுதல் என்று அவர் கேட்டிருக்க வேண்டும். பழைய ஹாலாஸ்யம் கேட்டிருப்பார். இந்த ஹாலாஸ்யம், மாடத்தில் மஞ்சள் துணியால் வாய் கட்டப்பட்டு இருந்த சின்னப் பித்தளைச் செம்பைப் பார்த்தபடி நின்றார்.

"அது தீர்த்தம்," என்றாள் அவள். "வாங்க வேண்டியவுக வாங்கலை. அதும் விஷம்னுட்டாக."

கணவனின் எக்ஸ்ரே படமும் ரிப்போர்ட்டும் இருந்த பழுப்பு உறையை அவள் எடுத்துக் கொடுத்தாள். மதுரை பஸ்ஸில் ஜன்னலோரத்தில் உட்கார்ந்து ஹாலாஸ்யம் அந்தப் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். விலா எலும்புகள், நடுவே வெள்ளையாக ஒரு புடைப்பு, புடைப்பின் மேல் மிளகு அளவில் ஒரு பளிச்சென்ற புள்ளி.

"அண்ணன் பேரு கருப்பு, தம்பி பேரு வெள்ளை," என்றான் பேயாண்டி. "இவுக ஆத்தாளும் அப்பனும் பேரு வைக்கல சார், எக்ஸ்ரே எடுத்திருக்காக."

ஹாலாஸ்யம் சிரிக்கவில்லை. பேயாண்டி அதற்காக நிறுத்துகிற ஆளும் இல்லை. "மோரு மட்டும் நல்லாத்தேன் இருந்துச்சு. உப்பு கொஞ்சம் தூக்கல். நீங்க என்னமோ வெளக்கெண்ணெயக் குடிச்ச மாதிரி மூஞ்சிய வச்சிருந்தீக."

"இந்தப் புள்ளி என்ன?" என்று கேட்டார் ஹாலாஸ்யம்.

அந்தக் கேள்விக்குப் பதில் பிற்பகல் மூன்று மணிக்குப் பரிசோதனை நிலையத்தின் இருட்டறையில் கிடைத்தது. பதில் சொன்னவர் சுப்பராமன். மெஷினை இயக்குகிறவர். மெல்லிய மனிதர். துப்பறிகிறவர்கள் என்று கேட்டவுடனேயே இரண்டு தடவை மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார்.

"சைக்கிள் பால்ரஸ் குண்டு சார்," என்றார்.

"நெஞ்சுக்குள்ளயா?"

"நெஞ்சு மேலே. பிளாஸ்திரி போட்டு நான்தான் ஒட்டுவேன். இருதயம் எவ்வளவு வேலை செய்யறதுன்னு அளக்க எங்ககிட்டே ரெண்டு படம் சார். எக்ஸ்ரே வீட்டோட வெளிச்சுவரைக் காட்டும். எக்கோங்கிற புது மெஷின் உள்ளே இருக்கிறவா என்ன பண்றாங்கறதைக் காட்டும். ரெண்டையும் சேர்த்து வச்சுப் பார்த்தாத்தான் கணக்கு சரியா வரும். ஒவ்வொரு துடிப்புக்கும் உள்ளே இருக்கிற ரத்தத்திலே நூத்துக்கு எவ்வளவு வெளியே தள்றதுன்னு."

"எவ்வளவு தள்ளணும்?"

"அறுபது, அறுபத்தஞ்சு. கருத்தக்கண்ணனுக்கு அறுபத்திரண்டு. தம்பிக்கு இருபத்து நாலு."

"சேர்த்து வைக்கிறதுன்னா எப்படி? பசை போட்டா?" என்றான் பேயாண்டி.

சுப்பராமன் விளக்கினார். எக்கோ கருவியை நெஞ்சில் எந்த இடத்தில் வைத்தாரோ, அந்த இடத்திலேயே இரும்புக் குண்டை ஒட்டி எக்ஸ்ரே அறைக்கு அனுப்புவார். குண்டு படத்தில் புள்ளியாக விழும். பிறகு எக்கோவில் தெரிந்த இருதயத்தை அதே அளவில் பட்டர் பேப்பரில் பென்சிலால் வரைந்து, கருவி வைத்த இடத்தில் ஒரு பெருக்கல் குறி போடுவார். பெருக்கல் குறி புள்ளியின் மேல் உட்காரும்படி பேப்பரை எக்ஸ்ரேயின் மேல் வைத்தால் இரண்டு படமும் ஒன்றாகிவிடும். டாக்டர் அதைப் பார்த்துத்தான் கடைசிக் கணக்கை எழுதுவார்.

"கருத்தக்கண்ணனுக்கு அப்படி வச்சுப் பார்த்தீங்களா?"

சுப்பராமன் மூன்றாவது தடவை கண்ணாடியைத் துடைத்தார். "அன்னிக்கு டாக்டர் மெட்ராஸ் ரயிலைப் பிடிக்கணும்னு அவசரம். எக்கோ கணக்கை மட்டும் வச்சு ரிப்போர்ட் எழுதிட்டார். பேப்பரை வரைஞ்சு ஃபைல்லே வச்சிருக்கேன். வச்சுப் பார்க்கலை."

"இப்போ வச்சுப் பார்க்கலாம்."

"மெஷின் தப்பே பண்ணாது சார்."

"மெஷின் பண்ணாதுண்ணே," என்றான் பேயாண்டி. "பக்கத்துல நிக்கிற ஆளைத்தான் நாங்க தேடி வந்திருக்கோம்."

வெளிச்சப் பெட்டியில் எக்ஸ்ரேயை மாட்டினார்கள். படத்தின் மூலையில் ஈய எழுத்தில் கருத்தக்கண்ணன் பெயர் விழுந்திருந்தது. எக்ஸ்ரே அறையில் ஆளிடம் பெயர் கேட்டு எழுத்துக் கோத்த பிறகுதான் படம் எடுப்பார்கள், அதில் சந்தேகமே இல்லை என்றார் சுப்பராமன். ஏழாம் நம்பர் ஃபைலிலிருந்து கருத்தக்கண்ணனின் பட்டர் பேப்பரை எடுத்து, குறியைப் புள்ளிமேல் பொருத்தினார்.

அப்படியே நின்றார்.

எக்ஸ்ரேயில் இருதயத்தின் நிழல் பெரியதாக, இடது பக்கம் தொங்கிக்கொண்டு கிடந்தது. பேப்பரில் இருந்த இருதயமோ கச்சிதமாக, சின்னதாக அதன் நடுவில் உட்கார்ந்திருந்தது. சுற்றிலும் இரண்டு விரல் இடைவெளி.

"அண்ணன் சட்டையைத் தம்பி போட்ட மாதிரி இருக்கே," என்றான் பேயாண்டி.

எப்போதும் போல விளையாட்டாகத்தான் சொன்னான். ஹாலாஸ்யம் மெல்லத் திரும்பி அவனைப் பார்த்தார். பிறகு சுப்பராமனிடம், "தம்பியோட பேப்பரும் உங்க ஃபைல்லேதானே இருக்கு? எடுங்கோ," என்றார்.

எட்டாம் நம்பர் பேப்பர் வந்தது. குறி அதே எக்ஸ்ரேயின் புள்ளிமேல் உட்கார்ந்தது. பென்சில் கோடு நிழலின் ஓரத்தை ஒட்டி, மேலிருந்து கீழ்வரை ஒரு நூல் பிசகாமல் ஓடியது. நூற்றுக்கு இருபத்து நாலு தள்ளுகிற இருதயம் கருத்தக்கண்ணனுடையது. அதை வைத்துக்கொண்டுதான் அவர் அழகர்மலை ஏறியிருக்கிறார்.

"நான் நம்பர் மாத்தலை சார்," என்றார் சுப்பராமன். நோட்டை எடுத்து நீட்டினார். "நோட்டைப் பாருங்கோ. வந்தவுடனே அவாளே பேர் எழுதுவா. ஏழுன்னு கூப்பிட்டேன். ஒருத்தர் வந்து படுத்தார். எட்டுன்னு கூப்பிட்டேன். இன்னொருத்தர் வந்து படுத்தார்."

நோட்டில் ஏழாவதாகக் கருத்தக்கண்ணன், எட்டாவதாக வெள்ளைத்துரை. இரண்டும் ஒரே கையெழுத்து. இரண்டாவது பெயருக்குப் பக்கத்தில் எழுதியவனின் கையொப்பம், வெள்ளைத்துரை என்று.

"தம்பி எழுதியிருக்கான். மரியாதைக்கு அண்ணன் பேரை முதல்ல எழுதியிருக்கான்," என்றார் ஹாலாஸ்யம். "ஏழுன்னு கூப்பிட்டப்போ வாசல்ல ஏதாவது பேச்சு நடந்ததா? நன்னா யோசிச்சுச் சொல்லுங்கோ."

சுப்பராமன் கண்ணை மூடினார். "வெறும் வயித்தோட வரச்சொல்லியிருந்தோம். மணி பன்னிரண்டு ஆயிடுத்து. வாசல்ல ஒருத்தர், அவன் பசி தாங்க மாட்டான், அவனை முதல்ல விட்டுருங்க, நான் பொறவு வாரேன்னார். யார் யாரைச் சொன்னான்னு நான் திரும்பிப் பார்க்கலை சார். புது மெஷின். என் கண்ணெல்லாம் திரையிலேயே இருந்தது."

அவ்வளவுதான் நடந்தது. தம்பி அண்ணனுக்கு மரியாதை கொடுத்துப் பெயரை முன்னால் எழுதினான். அண்ணன் தம்பியின் பசியை நினைத்து அவனை முன்னால் அனுப்பினான். இருவருமே நல்லதைத்தான் செய்தார்கள். அதில் ஒருவர் செத்துப்போனார். இதைக் கேட்டு வருத்தப்பட வேண்டும் என்று ஹாலாஸ்யத்துக்குத் தெரிந்தது. வருத்தம் எங்கோ பக்கத்துத் தெருவில் நடக்கிற மாதிரி இருந்தது.

"கேஸ் முடிஞ்சுது சார்," என்றான் பேயாண்டி. "கொலையே இல்ல. சின்னத்தாயக்கா தப்பிச்சுருச்சு. வாங்க, டீ வாங்கித் தாரேன். நீங்க அதை வெந்நின்னு நெனச்சுக் குடிங்க."

ஹாலாஸ்யம் நகரவில்லை. எட்டாம் நம்பர் ஃபைலில் டாக்டர் வெள்ளைத்துரைக்கு எழுதிய சீட்டின் நகல் இருந்தது. வயல் வேலை கூடாது. மாடிப்படி கூடாது. உணவில் உப்பு அறவே கூடாது. கடைசி வரிக்குக் கீழே இரண்டு கோடு போட்டிருந்தது.

"பேயாண்டி, காலையில மோர் குடிச்சோமே. அதுல உப்பு இருந்ததா?"

"அதைத்தான பஸ்ஸுல சொன்னேன். தூக்கலா இருந்துச்சுன்னு."

"அவனும் அதே சொம்புல இருந்துதானே குடிச்சான்?"

பேயாண்டியின் வாய் திறந்தபடியே நின்றது. அவன் வாயிலிருந்து எதுவும் வராத அபூர்வமான தருணம் அது.

"ரெண்டு டம்ளர்," என்றான் கடைசியில். "மோர் மொளகாயக் கடிச்சுக்கிட்டு."

மறுநாள் காலையில் சாவடியில் ஊர் கூடியிருந்தது. நாட்டாமை நடுவில் உட்கார்ந்திருந்தார். ஒரு பக்கம் தலையில் துண்டு கட்டி வெள்ளைத்துரை. பெண்கள் கூட்டத்தின் முன்வரிசையில் அவன் மனைவி அன்னக்கொடி. சின்னத்தாய் தனியாகத் தூணுக்குப் பக்கத்தில் நின்றாள். அவளைச் சுற்றி நாலு பேர் உட்காரக்கூடிய இடம் காலியாக இருந்தது.

பேயாண்டி எக்ஸ்ரேயை வானத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்தான். ஹாலாஸ்யம் முதல் பேப்பரை வைத்துக் காட்டினார். பிறகு இரண்டாவது பேப்பரை வைத்துக் காட்டினார். யார் முதலில் எழுதப்பட்டார், யார் முதலில் படுத்தார் என்று சொன்னார். மெஷினைப் பற்றி ஊருக்குப் புரிந்ததோ இல்லையோ, அண்ணன் தம்பிக்கு இடம் விட்டது எல்லோருக்கும் புரிந்தது. ஒரு கிழவி, "அப்படித்தான் செய்வான் அவன்," என்று மூக்கைச் சிந்தினாள்.

நாட்டாமை தொண்டையைச் செருமிக்கொண்டார். "அப்ப கருத்தக்கண்ணன் நெஞ்சு கெட்டுத்தான் போயிருக்கான். சின்னத்தாய் மேல குத்தமில்ல."

"நான் என்னங்க செய்வேன்?" வெள்ளைத்துரை எழுந்து கையை விரித்தான். "மெஷின்காரன் செஞ்ச தப்பு. நானும்தான ஏமாந்தேன்? செத்துருவேன் செத்துருவேன்னு கட்டில்ல கெடந்தேனே. ரிப்போர்ட்ட நம்பி அண்ணி மேல மனுக் குடுத்துட்டேன். தெரியாமச் செஞ்சது. அண்ணி மன்னிக்கணும்."

கூட்டத்தில் பல தலைகள் ஆடின. நியாயமாகத்தான் இருந்தது. மன்னிப்புக் கேட்டவனை அதற்கு மேல் என்ன கேட்பது. நாட்டாமை வெற்றிலைப் பையைத் தேட ஆரம்பித்தார்.

ஹாலாஸ்யம் அன்னக்கொடியிடம் திரும்பினார். "ஒரு சின்ன சந்தேகம்மா. டாக்டர் உப்புக் கூடாதுன்னு எழுதியிருக்கார். உங்களுக்கு ரொம்பச் சிரமமா இருந்திருக்கும், ரெண்டு சமையல்."

"அதை ஏங்கேக்குறீக," என்றாள் அன்னக்கொடி. ஒரு மாதமாக இதை யாராவது கேட்கமாட்டார்களா என்று காத்திருந்தவள் போலிருந்தது. "இவருக்குத் தனிச்சட்டி, தனிக்கொழம்பு. வாயில வைக்க முடியலைனு என்னைய வஞ்சுக்கிட்டே திம்பாரு."

"எப்ப நிறுத்தினீங்க?"

"மெட்ராஸுக்குப் போயி பெரிய டாக்டர்ட்டக் காட்டிட்டு வந்தாருல்ல, அமாவாசைக்கு முந்துன செவ்வாக்கெழம. நெஞ்சுல ஒண்ணுமில்லைனுட்டாக, கருவாட்டுக் கொழம்பு வையின்னாரு. வெளிய மட்டும் சொல்லாத, கண்ணு பட்டுரும்னாரு."

"அன்னம்," என்றான் வெள்ளைத்துரை.

தாமதமாகிவிட்டது. ஊர் முழுக்கக் கேட்டுவிட்டது.

"மெட்ராஸ்ல உங்க நெஞ்சு நல்லாயிருக்குன்னு சொன்னவுடனே உங்களுக்கு ஒண்ணு விளங்கியிருக்கணும்," என்று ஹாலாஸ்யம் அவனிடம் சொன்னார். அவர் குரலில் கோபம் இல்லை. கோபம் வந்திருந்தால் அவருக்கே ஆறுதலாக இருந்திருக்கும். "முதல்ல படுத்தது நீங்கன்னு சுப்பராமனுக்குத் தெரியாது. டாக்டருக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியும். கெட்டுப்போன இருதயம் யாருடையதுன்னு உலகத்துல தெரிஞ்ச ஒரே ஆள் நீங்கதான்."

ஹாலாஸ்யம் அடுத்த கேள்விக்குப் போனார்.

"செவ்வாய்க்கிழமைக்குப் பிறகு உங்க அண்ணன் வீட்டுக்கு வந்தாரா?"

பதில் அன்னக்கொடியிடமிருந்து வந்தது. இப்போது அவள் குரல் மாறியிருந்தது. சொல்லச் சொல்ல அவளுக்கே விளங்கிக்கொண்டு வந்தது. "வியாழக்கெழம வந்தாக. ஞாயித்துக்கெழம அமாவாசைக்கு அழகர்மலை ஏறப் போறேன்னாக."

"எதுக்கு?" நேற்றுக் கேட்காமல் விட்ட கேள்வியை ஹாலாஸ்யம் இன்று கேட்டார்.

அன்னக்கொடி வாயைப் பொத்திக்கொண்டாள். பதில் தூணுக்குப் பக்கத்திலிருந்து வந்தது.

"தம்பி நெஞ்சு சரியாகணும்னு," என்றாள் சின்னத்தாய். "நடந்தே ஏறி, நூபுர கங்கையில குளிச்சு, தீர்த்தம் கொண்டாந்து கொழுந்தனாருக்குக் குடுக்கிறதா வேண்டுதல். மூச்சு வாங்குது, ஒரு எடத்துல உக்காருங்கன்னேன். செம்பு தரையில படக்கூடாதுன்னு உக்காராமலே எறங்குனாக. விழுகயில கூடச் செம்ப எங்கிட்ட நீட்டிட்டுத்தான் விழுந்தாக."

ஹாலாஸ்யத்துக்கு அந்த மஞ்சள் துணி கட்டிய செம்பு கண்முன் வந்தது.

"அண்ணன் அப்படிச் சொன்னதுக்கு நீ என்னடா சொன்ன?" என்று நாட்டாமை கேட்டார்.

வெள்ளைத்துரை தலையிலிருந்த துண்டை அவிழ்த்துக் கையில் சுருட்டினான். நெடுநேரம் சுருட்டினான்.

"போயிட்டு வாண்ணேன்னேன்," என்றான். "ரயில்ல திரும்பி வாரப்பவே எனக்கு வெளங்கிருச்சு. சொல்லணும்னுதான் வந்தேன். கெணத்தப் பாத்தேன். நாளைக்குச் சொல்லுவோம்னு இருந்தேன். அது தெனமும் நாளைக்காவே போச்சு."

யாரும் அவனை அடிக்கவில்லை, திட்டவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து தள்ளிப்போய் உட்கார்ந்தார்கள். காலி இடம் தூணுக்குப் பக்கத்திலிருந்து அவனிடம் போய்ச் சேர்ந்தது. நாட்டாமை, மனுவைத் திரும்ப வாங்கிக்கொள்வதாக எழுதி நாலு பேர் முன்னால் கையெழுத்துப் போடச் சொன்னார். அண்ணன் பங்குக் கிணற்றில் இனி அவன் நிழல் விழக்கூடாது என்றார். அதற்கு மேல் செய்ய ஊரிடமும் ஒன்றும் இல்லை.

"இதுக்குச் சட்டத்துல என்ன செக்‌ஷன் சார்?" என்று பேயாண்டி மெதுவாகக் கேட்டான்.

"பொய் மனுவுக்கு உண்டு. மத்ததுக்குக் கிடையாது. அவன் ஒண்ணுமே செய்யலையே."

கூட்டம் கலைய மனமில்லாமல் நின்றது. சின்னத்தாயிடம் யாராவது எதாவது பேச வேண்டும். யார் தொடங்குவது என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பதினெட்டு நாள் முகம் திருப்பியவர்களுக்குத் திரும்பவும் முகம் காட்டுவது சுலபமாக இல்லை.

ஹாலாஸ்யம் அவளிடம் நடந்துபோனார். எல்லோருக்கும் கேட்கும்படி, "தாகமா இருக்கும்மா. உன் கையால குடிக்க ஏதாவது கொண்டுவா," என்றார்.

அவள் அவரை ஒருமுறை பார்த்துவிட்டு வீட்டுக்குப் போனாள். பெரிய சொம்பு நிறைய மோரும் நாலைந்து டம்ளரும் கொண்டுவந்தாள். ஊர் பார்த்துக்கொண்டிருக்க ஹாலாஸ்யம் வாங்கி, கடைசிச் சொட்டுவரை குடித்தார். அவருக்குப் பின்னால் நாட்டாமை கை நீட்டினார். அதற்குப் பின்னால் நேற்று வெயிலில் இறங்கி நடந்த கிழவர். அவர் டம்ளரை வாங்கும்போது அவள் முகத்தைப் பார்க்கவில்லை, ஆனால் வாங்கினார்.

"அய்யா, அப்ப என் சோறு அவுகளக் கொல்லலை," என்றாள் சின்னத்தாய். கேள்வியா என்று தெரியவில்லை.

"இல்லைம்மா."

"டாக்டரு உப்பு ஆகாதுன்னாராமே. அவுகளுக்குப் புளிச்சோத்துல உப்பு தூக்கலா வேணும். அன்னிக்கி ரெண்டு கல்லு கூடத்தான் போட்டேன்."

ஒரு நாள் உப்பில் யாரும் சாவதில்லை, அந்த இருதயத்துக்கு மலைதான் எமன் என்று அவர் சொன்னார். அவள் கேட்டுக்கொண்டாள். எவ்வளவு உள்ளே போயிற்று என்று சொல்ல முடியாது. பேச்சை மாற்ற வேண்டும் என்று தோன்றியது. ஊரும் பார்த்துக்கொண்டிருந்தது. காலி டம்ளரைத் தூக்கிக் காட்டி, "மோர் பிரமாதம்மா. உப்பு கச்சிதம்," என்றார்.

பக்கத்தில் குடித்துக்கொண்டிருந்த பேயாண்டி சட்டென்று டம்ளரை வாயிலிருந்து எடுத்தான். நாட்டாமை குனிந்துகொண்டார்.

"உப்பே போடலைங்கய்யா," என்றாள் சின்னத்தாய். "போட நெனச்சேன். கை வரலை."

ஹாலாஸ்யம் டம்ளரைப் பிடித்தபடி நின்றார். தான் பிடிபட்டுவிட்டது புரிந்தது. அவளுக்கும் புரிந்துவிட்டது என்பது அவள் பார்வையில் தெரிந்தது.

"உங்க வீட்டம்மா?" என்று கேட்டாள்.

"எழுபத்து மூணு நாளாச்சு," என்றார்.

அவள் டம்ளரை வாங்கி, மறுபடியும் நிரப்பிக் கொடுத்தாள். அவர் அதையும் குடித்தார்.